கல் வண்டின் அடிவயிற்றில் என்ன எழுதியிருக்கிறது?

எகிப்தின் லக்ஸரில் வாங்கிய சின்ன நீலக் கல் வண்டு ஒன்றின் படத்தைப் போட்டு மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். இது முத்திரையா, தாயத்தா? அடிப்பக்கத்தில் மூன்றாம் துட்மோஸ் அரசரின் பெயர் இருப்பதாகக் கடைக்காரர் சொன்னாரே, அப்படியானால் இது அவர் காலத்துப் பொருள்தானா? உலகத்தில் எத்தனையோ உயிர்கள் இருக்க, சாணி உருட்டும் பூச்சியைப் போய் ஏன் புனிதமாக நினைத்தார்கள்? கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அது புரிந்துவிட்டால் மற்ற இரண்டும் பாதி தீர்ந்த மாதிரி.

மாடு மேயும் ஊரில் வளர்ந்தவர்கள் இந்த வண்டின் உறவுக்கார இனங்களைப் பார்த்திருப்பார்கள். சாணத்தைக் கிள்ளி உருண்டை பிடிக்கும். பிறகு தலையைத் தரையில் ஊன்றி, பின்னங்கால்களை உருண்டையின் மேல் வைத்து, பின்பக்கமாகவே தள்ளிக்கொண்டு போகும். எகிப்தியர்கள் பார்த்தது ஸ்காரபேயஸ் சாசர் என்ற இனம். நல்ல கறுப்பு. தலையின் முன்விளிம்பு ரம்பம் போலப் பல்பல்லாக இருக்கும். வயலும் பாலை மணலும் சந்திக்கும் இடத்தில், கொளுத்தும் வெயிலில், தன்னைவிடப் பெரிய உருண்டையைத் தள்ளிக்கொண்டு போய் மண்ணுக்குள் புதைக்கும். கொஞ்ச நாள் கழித்து அந்த மண்ணைப் பிளந்துகொண்டு புது வண்டு ஒன்று வெளியே வரும். தினமும் கிழக்கே எழுந்து மேற்கே மண்ணுக்குள் போகும் இன்னொரு உருண்டையும் அவர்கள் கண்முன் இருந்தது. இரண்டையும் அவர்கள் சேர்த்துப் பார்த்தார்கள்.

ஆனால் விஷயம் அந்த ஒப்புமையோடு முடியவில்லை. எகிப்திய மொழியில் 'கெப்பெர்' என்று ஒரு வினைச்சொல் உண்டு. ஆகு, உண்டாகு, ஒன்றிலிருந்து இன்னொன்றாக மாறு என்று பொருள். நம் 'ஆகு' என்ற சொல் கிட்டத்தட்ட அப்படியே பொருந்தும். அந்தச் சொல்லை எழுதப் பயன்பட்ட சித்திர எழுத்து இந்த வண்டின் படம்தான். காலைச் சூரியனின் தெய்வம் கெப்ரி, 'ஆகிறவன்'. லக்ஸரில் ராணி நெஃபர்தாரியின் கல்லறையில் அவரை வரைந்திருக்கிறார்கள். மனித உடல், முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முழு வண்டு. ஒரு பழைய பாப்பிரஸில் (நாணல் தாள் சுவடியில்) சூரிய தேவனே சொல்கிறார்: "காலையில் நான் கெப்ரி, நண்பகலில் ரே, மாலையில் ஆத்தும்." மூன்றும் சூரியனின் பெயர்கள்.

அதனால் 'வண்டைக் கும்பிட்டார்கள்' என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. வண்டு அவர்களுக்கு ஓர் எழுத்து, ஒரு சொல். விரல்நுனி அளவுக் கல்லில் வண்டைச் செதுக்கினால் 'ஆகு' என்ற சொல்லைக் கையில் பிடித்துக்கொள்ள முடிகிறது. உயிரோடு இருப்பவர் விரலில் போட்டால் நலமாகு, வளமாகு. இறந்தவர் மார்பில் வைத்தால் மறுபடி உயிராகு. இளம் அரசர் துட்டன்காமுனின் அரியணைப் பெயர் நெப்கெபெரூரே. அதை எழுதுவதற்கு ஒரு கூடை, ஒரு வண்டு, பன்மைக்கு மூன்று கோடு, மேலே சூரிய வட்டம். 1922ஆம் ஆண்டு ஹோவர்ட் கார்ட்டர் திறந்த அந்தக் கல்லறையில் இருந்து வந்த மார்புப் பதக்கங்களில் பல, இந்தப் பெயரையே நகையாகச் செய்தவை. பொன்னும் கல்லும் இழைத்த ஒரு வார்த்தையை அந்த இளைஞனின் மேல் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். அவற்றில் ஒரு பதக்கத்தின் நடுவில் இருக்கும் மஞ்சள்பச்சை வண்டு பல காலம் கால்சிடனி கல் என்றே கருதப்பட்டது. 1990களில்தான் அது லிபியப் பாலைவனத்து இயற்கைக் கண்ணாடி என்று தெரிந்தது. ஏறத்தாழ 2 கோடியே 90 லட்சம் ஆண்டுகளுக்கு முன் விண்கல் மோதிய சூட்டில் மணல் உருகி உண்டான கண்ணாடி அது.

பூச்சியைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க், இந்த வண்டுகளில் பெண்ணே கிடையாது, ஆணே உருண்டைக்குள் விந்துவை இட்டு வளர்க்கிறது என்று எழுதிவைத்தார். பல நூற்றாண்டுகள் அதையே எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள். உருட்டிப் போகும் உருண்டைக்குள் முட்டை இருக்கிறது என்ற நம்பிக்கையும் அப்படித்தான். பிரெஞ்சு இயற்கையியலாளர் ஃபாப்ர் ஆண்டுக்கணக்காக உருண்டைகளை உடைத்துப் பார்த்தும் உள்ளே முட்டை கிடைக்கவில்லை. கடைசியில் ஓர் ஆட்டுக்காரச் சிறுவன் மண்ணைத் தோண்டி, பேரிக்காய் வடிவில் இருந்த ஒரு சாண உருவத்தை அவரிடம் கொண்டுவந்தான். முட்டை அதன் கழுத்துப் பகுதியில் இருந்தது. வெளியே உருட்டிப் போவது பெரும்பாலும் சாப்பாடு. பிள்ளைக்கான உருண்டையைத் தாய் மண்ணுக்கடியில் பொறுமையாக வடிவமைக்கிறது. இன்னொன்று சொன்னால் எகிப்தியர்களே சந்தோஷப்பட்டிருப்பார்கள். இந்தக் குடும்பத்து வண்டுகள் உருண்டையின் மேல் ஏறி நின்று வானத்தைப் பார்த்துத்தான் திசை பிடிக்கின்றன. பகலில் சூரியன். இரவில் உருட்டும் தென்னாப்பிரிக்க இனம் ஒன்று பால்வெளியின் ஒளிப்பட்டையை வைத்துத் திசை அறிவதை 2013ஆம் ஆண்டு மேரி டாக்கேயும் அவர் குழுவினரும் காட்டினார்கள்.

சரி, முத்திரைக்கு வருவோம்.

இந்தக் கல் வண்டுகளை ஸ்காரப் என்பார்கள். முதல் ஸ்காரப்கள் கி.மு. 2200க்கும் 2000க்கும் இடைப்பட்ட காலத்தில் வருகின்றன. அப்போது அவை பெரும்பாலும் தாயத்துகள். அடியில் எளிய கோலங்கள், சுருள்கள், சின்ன உருவங்கள். பிறகு எகிப்திய வரலாற்றில் 'மத்திய அரசு' என்று சொல்லப்படும் காலத்தில், பன்னிரண்டாம், பதின்மூன்றாம் வம்சங்களின்போது, அதிகாரிகள் தங்கள் பதவியையும் பெயரையும் வண்டின் அடியில் வெட்டிக்கொள்ளத் தொடங்கினார்கள். வீட்டு மேற்பார்வையாளர், கருவூலத்துக்காரர், கோயில் எழுத்தர் என்று நூற்றுக்கணக்கான பெயர்கள் நமக்கு இப்படித்தான் தெரியவந்தன. அந்த மனிதர்களில் பலருக்கு இன்று கல்லறையும் இல்லை, சிலையும் இல்லை. சின்ன வண்டு ஒன்றுதான் பாக்கி.

பயன்படுத்திய விதம் இது. ஒரு மரப்பெட்டி. மூடியில் ஒரு குமிழ், பெட்டியின் பக்கவாட்டில் ஒரு குமிழ். இரண்டையும் சேர்த்துக் கயிறு சுற்றி, முடிச்சின் மேல் ஈர நைல் களிமண்ணை அப்பி, காய்வதற்குள் வண்டை அதில் அழுத்துவார்கள். கதவுத் தாழ்ப்பாள், தானியப் பை, ஜாடி வாய், சுருட்டிய கடிதம் எல்லாவற்றுக்கும் இதே முறைதான். பூட்டு சாவி இல்லாத உலகம் அது. களிமண் உடைந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள் என்று பொருள். நம் ஊரில் தபால் பையிலும் ஓட்டுப் பெட்டியிலும் அரக்கு வைத்தார்களே, அதே வேலை.

சூடானில், நைலின் இரண்டாம் அருவிப் பகுதியில், உரோனார்ட்டி என்ற தீவுக் கோட்டை இருக்கிறது. மூன்றாம் செனுஸ்ரெட் காலத்தில் எழுந்த எல்லைக் காவல் கோட்டை. அங்கே ஆயிரக்கணக்கான உடைந்த களிமண் முத்திரைத் துண்டுகள் கிடைத்தன. அவற்றில் பலவற்றில் தானியக் களஞ்சியத்தின் பெரிய முத்திரை ஒன்று. அதன் மேலேயே ஓர் அதிகாரியின் சொந்த ஸ்காரப் பதிவு ஒன்று. அலுவலக முத்திரை போட்டால் போதாது, பொறுப்பு ஏற்றவர் தன் கையெழுத்தையும் வைக்க வேண்டும்! நாலாயிரம் வருடத்துக்கு முந்தைய அலுவலக நடைமுறை அப்படியே கண்முன் நிற்கிறது.

இப்படிப்பட்ட களிமண் துண்டு ஒன்றை ஒரு முறை உள்ளங்கையில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. முன்பக்கத்தில் ஒரு நீள்வட்டக் குழி, ஓரத்தைச் சுற்றிச் சுருள் கோலம், நடுவில் பாதி அழிந்த எழுத்து. அதை யார் வேண்டுமானாலும் ரசிக்கலாம். எனக்கு மனதில் நின்றது பின்பக்கம். முறுக்குக் கயிற்றின் புரிகள் ஒவ்வொன்றாக எண்ணும் அளவுக்குப் பதிந்திருந்தன. அதை ஒட்டி மர நாரின் கோடுகள். ஓரமாக, களிமண்ணை அழுத்திச் சமப்படுத்தியவரின் விரல் ரேகை. பின்பக்கத்தைப் பார்த்தே அது ஒட்டியிருந்தது பெட்டியா, பையா, கதவு முளையா, பாப்பிரஸ் சுருளா என்று ஆய்வாளர்கள் சொல்லிவிடுவார்கள். தங்கத்தில் கட்டிய அழகான ஸ்காரப் ஒன்றையும் இந்தக் களிமண் துண்டையும் வைத்து எது வேண்டும் என்று கேட்டால் நான் களிமண்ணைத்தான் எடுப்பேன். கல் வண்டு யாரிடம் இருந்தது என்பதைச் சொல்லும். களிமண், அது ஒரு நாள் என்ன வேலை செய்தது என்பதைச் சொல்லும்.

முத்திரை குத்தினால் எழுத்து இடவலமாகத் திரும்பிவிடுமே என்ற சந்தேகம் உங்களுக்கு வரலாம். எகிப்தியச் சித்திர எழுத்தை இடமிருந்தும் எழுதலாம், வலமிருந்தும் எழுதலாம். பறவையும் மனிதனும் எந்தப் பக்கம் பார்க்கிறார்களோ அந்தப் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும், அவ்வளவுதான். அதனால் கல்லிலும் படிக்கலாம், களிமண்ணிலும் படிக்கலாம். முத்திரைக்கு இதைவிடத் தோதான எழுத்து முறை கிடையாது.

ஆக, முத்திரையா தாயத்தா என்ற கேள்விக்கு என் பதில்: பெரும்பாலும் இரண்டும் ஒன்றாகவே. ஓர் அதிகாரி பகலெல்லாம் அதை வைத்துப் பெட்டிகளுக்கு முத்திரை குத்துவார். அதே வண்டு விரலில் இருந்துகொண்டு அவரைக் காக்கும். இறந்தபின் அதே விரலோடு கல்லறைக்குப் போகும். நீளவாக்கில் ஒரு துளை போட்டு, கம்பியிலோ நூலிலோ கோத்து மோதிரமாக மாட்டியிருப்பார்கள். வண்டு மேலே தெரிய அணிந்துகொள்ளலாம். தேவைப்படும்போது சுழற்றி அடிப்பக்கத்தை அழுத்தலாம். முத்திரையாகப் பயன்படாத வகைகளும் நிறைய உண்டு. "ஆமுன்-ரே என் தலைவன்" என்று தெய்வத்தின் பெயரோடு ஒரே வரி இருக்கும். "நல்ல புத்தாண்டு பிறக்கட்டும்" என்று இருக்கும். இவை அன்பளிப்பாகக் கைமாறியவை. பாலஸ்தீனப் பகுதிகளில் அதிகம் கிடைக்கும் ஒரு வகையில் 'அ-ந-ர-அ' என்ற எழுத்துகள் முன்னும் பின்னுமாகக் கலைந்து வரும். எகிப்தியத்தில் பொருளுள்ள சொல்லாக அது அமையவில்லை. எகிப்திய எழுத்துக்கே ஒரு சக்தி உண்டு என்று நினைத்த பக்கத்து நாட்டு மக்கள் அதை அணிந்திருக்கிறார்கள்.

இனி உங்கள் துட்மோஸ். மூன்றாம் துட்மோஸ் ஆண்டது கி.மு. 1479 முதல் 1425 வரை. அவருடைய அரியணைப் பெயர் மென்கெபெர்ரே. ஸ்காரப்களில் மிக அதிகமாகக் காணப்படும் அரச பெயர் இதுதான். அதற்குக் காரணம், அந்தப் பெயரே ஒரு மந்திரமாக ஆகிவிட்டது. அவர் இறந்து பல நூறு ஆண்டுகள் கழித்தும், வேறு வம்சங்கள் ஆண்டபோதும், அந்தப் பெயரை வெட்டிக்கொண்டே இருந்தார்கள். அதனால் அரசர் பெயரைப் பார்த்தவுடன் காலத்தை முடிவு செய்யக் கூடாது. இந்தத் துறையில் முதலில் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் அது. பிளிண்டர்ஸ் பீட்ரி, பெர்சி நியூபெரி போன்ற பழைய அறிஞர்கள் அரசர் பெயர்களை வரிசைப்படுத்திப் பெரும் பட்டியல்கள் போட்டார்கள். பின்னால் வந்த ஓல்கா டஃப்னல், வில்லியம் வார்ட் போன்றவர்கள் பெயரை ஒதுக்கிவைத்துவிட்டு வண்டின் தலை வடிவம், முதுகுக் கோடு, பக்கவாட்டில் கால்களை வெட்டிய விதம் ஆகியவற்றை அளந்து காலம் கணித்தார்கள். உதாரணமாக, இறக்கை மூடிகளின் தோள்பட்டையில் சின்ன 'வி' வடிவ வெட்டு பெரும்பாலும் 'புதிய அரசு' என்ற காலத்திலிருந்துதான் வருகிறது (மூன்றாம் துட்மோஸும் துட்டன்காமுனும் அந்தக் காலத்தவர்கள்). முதுகு சொல்வதும் வயிறு சொல்வதும் வேறுவேறாக இருந்தால் முதுகை நம்பலாம்.

அதைவிட முக்கியம், பொருள் எங்கே கிடைத்தது என்பது. துருக்கிக் கடலோரத்தில் உலுபுருன் என்ற முனைக்கு அருகே மூழ்கிக் கிடந்த ஒரு கப்பலை 1984 முதல் 1994 வரை அகழ்ந்தார்கள். செம்புப் பாளங்கள், கண்ணாடிக் கட்டிகள், தந்தம், ஜாடிகள் என்று நிறைந்திருந்த சரக்குக் கப்பல். அதில் ஒரு சின்னத் தங்க ஸ்காரப். அடியில் நெஃபர்திதியின் பெயர். அந்த ஒன்றை வைத்து, கப்பல் அந்த ராணியின் காலத்துக்கு முன்னால் மூழ்கியிருக்க முடியாது என்று சொல்ல முடிந்தது. அதே ஸ்காரப் ஒரு கடைக் கண்ணாடிக்குள் கிடந்திருந்தால் அது தங்கம், அழகு, அவ்வளவுதான்.

அரசர்களே ஸ்காரப்பைச் செய்தித்தாளாகப் பயன்படுத்திய ஒரு காலமும் உண்டு. மூன்றாம் ஆமன்ஹோடெப், துட்டன்காமுனின் தாத்தா என்று பொதுவாகக் கருதப்படுபவர், உள்ளங்கை நிறையும் பெரிய ஸ்காரப்களைச் செய்வித்தார். 200க்கு மேல் இன்றும் இருக்கின்றன. ஐந்து வகைச் செய்திகள். தன் முதல் பத்து ஆண்டுகளில் தானே அம்பெய்து 102 சிங்கங்களைக் கொன்றதாக ஒன்று. அதுதான் அதிகம் கிடைப்பது. காட்டெருதுகளை வேட்டையாடியது ஒன்று. மித்தன்னி நாட்டு இளவரசி கிலுகெபா 317 பெண்கள் சூழ வந்து சேர்ந்தது ஒன்று. ராணி தீயிக்காக ஏரி வெட்டியது ஒன்று. எனக்குப் பிடித்தது கல்யாணச் செய்தி. பட்டத்து ராணி தீயி என்று சொல்லிவிட்டு, "அவள் தந்தை பெயர் யூயா, தாய் பெயர் துயா" என்று போகிறது வாசகம். அந்த இருவரும் அரச குடும்பத்தார் அல்ல. அதை மறைக்காமல், பெற்றோர் பெயரைச் சொல்லி, அடுத்த வரியிலேயே "தெற்கு எல்லை கரோய் வரை, வடக்கு எல்லை நஹரின் வரை உள்ள வலிமை மிக்க அரசனின் மனைவி அவள்" என்று முடிக்கிறது. பெண் எந்த வீட்டிலிருந்து வந்தாள் என்று யாரும் வாய் திறக்க முடியாது. அந்த யூயா, துயா கல்லறையை 1905ஆம் ஆண்டு கண்டுபிடித்தார்கள். அவர்கள் முகங்களை இன்றும் பார்க்கலாம், அவ்வளவு நன்றாகப் பதப்பட்டிருக்கின்றன. கர்னாக் கோயிலின் புனிதக் குளக்கரையில் சுற்றுலாப் பயணிகள் சுற்றிச் சுற்றி வருகிறார்களே, ஒரு பெரிய கருங்கல் வண்டு, அதுவும் இந்த அரசர் செய்வித்ததுதான். லக்ஸர் போனவர் என்பதால் நீங்களும் சுற்றியிருப்பீர்கள்.

உங்கள் கேள்வியில் இல்லாவிட்டாலும் ஒன்றைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை: இதய ஸ்காரப்.

உடலைப் பதப்படுத்தும்போது எகிப்தியர்கள் மூளையை எடுத்து எறிந்துவிடுவார்கள். இதயத்தை உடலுக்குள்ளேயே விட்டுவிடுவார்கள். நினைவு, அறிவு, மனசாட்சி எல்லாம் இதயத்தில்தான் என்பது அவர்கள் எண்ணம். இறந்தவர், மறுவுலக அரசரான ஒசிரிஸின் மன்றத்துக்குப் போனால் அங்கே ஒரு தராசு. ஒரு தட்டில் இதயம், மறு தட்டில் மாஅத்தின் இறகு. மாஅத் என்றால் உண்மை, நியாயம், ஒழுங்கு. எழுதிக்கொள்ள, எழுத்தின் தெய்வமான தோத் நிற்கிறார். இதயம் கனத்தால் விழுங்கிவிட, முதலைத் தலையும் சிங்க முன்னுடலும் நீர்யானைப் பின்னுடலும் கொண்ட அம்மித் என்ற விலங்கு காத்திருக்கிறது. இந்த இடத்தில் மனிதனுக்கு வரும் பயத்தைப் பாருங்கள். கடவுளைக் கண்டு அவன் பயப்படவில்லை. தன் இதயமே வாய் திறந்துவிடுமோ என்றுதான் பயப்படுகிறான். அதற்காக நெஞ்சின் மேல் ஒரு பச்சைக்கல் வண்டு. அடியில் வாசகம்:

"என் தாயிடமிருந்து வந்த என் இதயமே, என் தாயிடமிருந்து வந்த என் இதயமே! எனக்கு எதிராகச் சாட்சியாய் எழுந்து நிற்காதே. மன்றத்தில் என்னை எதிர்க்காதே. தராசைக் காப்பவர் முன்னால் எனக்குப் பகையாகாதே."

இதைச் சிலர் தீர்ப்பை ஏமாற்றும் தந்திரம் என்று எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தந்திரம் செய்கிறவன் நீதிபதியைத்தான் பிடிப்பான். இங்கே ஒருவர் தனக்குள் இருக்கும் சாட்சியிடம், அம்மாவின் பெயரைச் சொல்லி, கெஞ்சுகிறார்.

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஹத்னோஃபர் என்ற அம்மாவின் இதய ஸ்காரப் இருக்கிறது. ராணி ஹத்செப்சுட்டின் வலக்கையாக இருந்த சென்முட்டின் தாய் அவர். 1936ஆம் ஆண்டு கல்லறையோடு கிடைத்தது. கரும்பச்சைக் கல், தங்க விளிம்பு, நெருக்கிப் பின்னிய தங்கச் சங்கிலி. தலை, தோள், இறக்கை மூடி எல்லாம் அவ்வளவு நேர்த்தி. திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தால், ஹத்னோஃபர் என்ற பெயர் வரும் இடத்தில் கல் சுரண்டப்பட்டிருக்கிறது. முதலில் வேறு பெயர் இருந்து, அதை அழித்துவிட்டு இந்தப் பெயரை வெட்டியிருக்கிறார்கள். இறந்தவருக்கு உடனே தேவைப்பட்டிருக்கும், கையில் இருந்ததை எடுத்து மாற்றிக்கொடுத்திருப்பார்கள் என்று நான் எண்ணிக்கொள்கிறேன். பெயருக்கான இடம் காலியாகவே விடப்பட்ட இதய ஸ்காரப்களும் பல உண்டு. முன்கூட்டியே செய்துவைத்து, வாங்குபவர் பெயரைப் பிறகு சேர்ப்பது வழக்கம்.

மிகப் பழைய இதய ஸ்காரப்களில் ஒன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது: பதினேழாம் வம்சத்து சோபெகெம்சாஃப் என்ற அரசருடையது. மனித முகம் கொண்ட பச்சை ஜாஸ்பர் வண்டு, தங்கத் தகட்டில் பதித்தது. அதே பெயருள்ள அரசர் ஒருவரின் கல்லறையைக் கொள்ளையடித்தவர்களின் வாக்குமூலம் ஒரு பாப்பிரஸில் இன்றும் இருக்கிறது. ஒன்பதாம் ராம்செஸின் 16ஆம் ஆட்சியாண்டில் நடந்த விசாரணை அது. ஆமுன்பனெஃபர் என்ற கல்தச்சர் சொல்கிறார்: அரசரின் கழுத்தில் ஏராளமான தாயத்துகளும் பொன் நகைகளும் இருந்தன, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டோம், சவப்பெட்டிகளுக்குத் தீ வைத்தோம், கிடைத்த 160 தெபென் (எகிப்திய எடை அளவு) தங்கத்தை எட்டுப் பேருமாகப் பங்கிட்டுக்கொண்டோம். தலைக்கு 20 தெபென். இன்றைய அளவில் ஒவ்வொருவருக்கும் கிட்டத்தட்ட 1.8 கிலோ.

இப்போது உங்கள் கையில் இருக்கும் வண்டு. பழங்கால ஸ்காரப்களில் பெரும்பங்கு ஸ்டீடைட் என்ற கல்லில் செய்தவை. நாம் மாக்கல் என்போம். கல்சட்டி செய்யும் அதே வகைக் கல். நகத்தால் கீறலாம் என்ற அளவுக்கு மிருதுவானது. அதில் செதுக்கி, வில்துரப்பணத்தால் நீளவாக்கில் துளையிட்டு, செம்பு கலந்த பூச்சு பூசி, சூளையில் வைப்பார்கள். பூச்சு உருகி நீலமும் பச்சையுமாய்க் கண்ணாடி போல் ஆகும். சூட்டில் கல்லின் இயல்பே மாறி, கத்தியால் கீற முடியாத அளவுக்கு இறுகிவிடும். ஆயிரமாயிரம் வருடம் மண்ணில் கிடந்ததில் பலவற்றில் பூச்சு போய், வெள்ளையோ பழுப்போதான் பாக்கி. பளிச்சென்ற நீலம் சில கோடுகளின் இடுக்கில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். இன்னொரு மலிவான வகை ஃபயான்ஸ்: பொடித்த குவார்ட்ஸ் மணலைக் குழைத்து அச்சில் அழுத்திச் சுட்டது. பணக்காரர்கள் செவ்வந்திக்கல், சூதுபவளம், லாபிஸ் லசூலி என்று போனார்கள். நைல் கழிமுகத்தில் கிரேக்க வணிகர்கள் குடியேறிய நௌக்ராடிஸில் பீட்ரி 1880களில் ஒரு ஸ்காரப் பட்டறையையே கண்டுபிடித்தார், நூற்றுக்கணக்கான அச்சுகள். அங்கிருந்து மத்தியதரைக் கடலோரமெங்கும் ஏற்றுமதி நடந்திருக்கிறது.

படத்தில் தெரிவதை வைத்துச் சொன்னால், உங்களுடையது புதுசு. நீலம் எல்லா இடத்திலும் ஒரே சீராக, கோடுகளின் மேட்டிலும் பள்ளத்திலும் ஒரே தடிமனில் இருக்கிறது. துளையின் வாய் கூர்மையாக இருக்கிறது. நூல் ஓடி ஓடித் தேய்ந்த வழவழப்பு இல்லை. கால்களைக் காட்டும் பக்கவாட்டு வெட்டு வெறும் ஒற்றைக் கீறல். இதற்காக வருத்தப்பட வேண்டாம், சந்தோஷப்படுங்கள். 1983ஆம் ஆண்டின் 117ஆம் எண் சட்டப்படி எகிப்தில் தொல்பொருள் வியாபாரமும் ஏற்றுமதியும் குற்றம். நிஜமான ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கெய்ரோ விமான நிலையத்துக்குப் போயிருந்தால் கதை வேறு. 'ஒரிஜினல்' என்று யாராவது காதோரம் வந்து சொன்னால் தயவுசெய்து வாங்காதீர்கள். பொய்யாக இருந்தால் காசு நஷ்டம். நிஜமாக இருந்தால், எங்கோ ஒரு கல்லறையை இரவில் தோண்டிக் கலைத்திருக்கிறார்கள். உலுபுருன் ஸ்காரப்பால் சொல்ல முடிந்ததை இது இனி எப்போதும் சொல்ல முடியாது.

போலிகள் பெரிய அறிஞர்களையே ஏமாற்றியிருக்கின்றன. எகிப்திய அரசர் நெகோவின் ஆணைப்படி ஃபினீசிய மாலுமிகள் ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்தார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அந்தப் பயணத்தை அப்படியே விவரிக்கும் ஸ்காரப்கள் வெளிவந்தன. பிரஸ்ஸல்ஸ் அருங்காட்சியகம் வாங்கியது. உலகமே பரபரத்தது. பெர்லினில் அடால்ஃப் எர்மானும் ஹைன்ரிஷ் ஷேஃபரும் 1908இல் வாசகத்தை வரி வரியாக ஆராய்ந்து போலி என்று காட்டினார்கள். எல்லோரும் ஆசைப்பட்ட செய்தியைச் சரியாக ஆசைப்பட்ட நேரத்தில் ஒரு கல் சொன்னால் சந்தேகப்பட வேண்டும் என்று அன்றிலிருந்து மாணவர்களுக்குச் சொல்லிவருகிறார்கள்.

கடைக்காரர் துட்மோஸ் பெயர் என்று சொன்னது உண்மையா என்பதை மட்டும் நீங்களே பார்த்துவிடலாம். புதுப் பொருள் என்பதால் பயமில்லை. சப்பாத்தி மாவைக் கொஞ்சம் கெட்டியாகப் பிசைந்து, ஒரு சின்ன உருண்டையைத் தட்டி, வண்டின் அடிப்பக்கத்தை அதில் நேராக அழுத்தி எடுங்கள். மூன்று உருவங்கள் தெரிய வேண்டும். மேலே ஒரு வட்டம்: ரே, சூரியன். நடுவில் சீப்பைப் படுக்க வைத்து, பற்கள் மேலே இருப்பது போல ஒன்று. அது காய்கள் அடுக்கிய விளையாட்டுப் பலகை. 'மென்' என்று ஒலிக்கும், நிலைத்திருப்பது என்று பொருள். தெய்வத்தின் பெயருக்கு மரியாதை தர வேண்டும் என்பதால் ரேயை முதலில் எழுதி, கடைசியில் படிப்பார்கள். மென், கெபெர், ரே. கெபெர் எங்கே என்று தேட வேண்டாம். வட்டத்துக்கும் பலகைக்கும் கீழே, ஆறு காலையும் விரித்துக்கொண்டு, பெரிய வண்டின் வயிற்றிலிருந்து மாவில் இறங்கிய சின்ன வண்டு ஒன்று இருக்கும்.